பெயரும் பொருளும்: இத்தாலியச் செந்நிற வைனின் வரலாறு

சந்தையில் விற்கப்படும் பண்டங்களுட் பெரும்பாலானவற்றை வாங்குவோர் கண்ணால் கண்டும் கையால் தொட்டும் தெரிந்து வாங்கலாம். நெல்லைக் கையில் அள்ளிப் பார்க்கலாம்; துணியை விரித்துப் பார்க்கலாம்; மாம்பழத்தை முகர்ந்து பார்க்கலாம். ஆயின், தக்கையடைத்து முத்திரையிட்ட போத்தலில் உள்ள வைனை அவ்வாறு சோதித்தல் இயலாது. திறந்து சுவைத்த பின்னரே அதன் குணம் புலப்படும். அப்பொழுது அதனை ஆக்கியவன் பல்லாயிரங் கல் தொலைவில் இருப்பான். ஆதலால், வைனை வாங்குவோன் உண்மையில் ஒரு பெயரையே வாங்குகின்றான். எந்த ஊரில், எந்தப் பழத்திலிருந்து, எந்த ஆண்டில், யாரால் ஆக்கப்பட்டது என்று போத்தலின்மேல் ஒட்டிய சீட்டு எதைக் கூறுகின்றதோ அதனை நம்பியே பணம் கொடுக்கின்றான். அந்த நம்பிக்கை எவ்வாறு உண்டாயிற்று, எத்தனை முறை குலைந்தது, எவ்வாறு மீண்டும் கட்டி எழுப்பப்பட்டது என்பதே இத்தாலி நாட்டின் சிறந்த செந்நிற வைன்களின் வரலாறு எனலாம்.

வைன் என்பது முந்திரிகைப் பழச் சாற்றை நொதிக்கச் செய்து பெறும் மது. மதுவம் என்னும் நுண்ணுயிர் சாற்றிலுள்ள சீனிச் சத்தை மதுசாரமாக மாற்றுகின்றது. கறுத்த முந்திரிகைப் பழத்தைப் பிழிந்தாலும் அதன் சாறு பெரும்பாலும் நிறமற்றதாகவே இருக்கும். செந்நிறம் பழத்தின் தோலிலே தங்கியுள்ளது. எனவே, செந்நிற வைன் ஆக்குவோர் சாற்றைத் தோலோடு சேர்த்தே பல நாட்கள் நொதிக்க விடுவர். நிறம் சாற்றில் இறங்கும்போது, தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்புச் சத்தும் உடன் இறங்குகின்றது. பாக்கை மென்றாலும் பால் சேராத கடுந் தேநீரைப் பருகினாலும் நாவிற் படிகின்ற துவர்ப்பை இதற்கு ஒப்பிடலாம். புதிய வைனில் இத்துவர்ப்பு நாவை இறுக்கும். ஓக் மரப் பீப்பாவிலும் பின்னர் போத்தலிலும் ஆண்டுக்கணக்கில் இருந்தபின், துவர்ப்புத் தணிந்து நறுமணம் விரியும். காத்திருத்தல் இத்தொழிலின் ஓர் உறுப்பாக அமைந்தமைக்குக் காரணம் இதுவே. காத்திருப்போனுக்கு முதல் முடங்கும். முதல் முடங்குமிடத்தில் குறுக்கு வழியை நாடும் ஆசையும் பிறக்கும்.

இத்தாலியின் நிலவமைப்பு இத்தொழிலுக்குப் பெரிதும் இசைந்தது. வடக்கே அல்ப்ஸ் மலைகள் குளிர்காற்றைத் தடுக்கின்றன. நாட்டின் நடுவே முதுகெலும்பு போல அப்பெனைன் மலைத்தொடர் ஓடுகின்றது. இரு மருங்கும் கடல் சூழ்ந்துள்ளது. சமவெளி குறைவு, குன்றுகளும் சரிவுகளும் மிகுதி. வெயில் நன்கு விழுவதும் நீர் தேங்காது வடிவதுமான சரிவுகளில் முந்திரிகை சிறந்து பழுக்கின்றது. ஒரு குன்றின் தென்சரிவில் விளையும் பழமும் வடசரிவில் விளையும் பழமும் குணத்தில் வேறுபடும். நாட்டில் நூற்றுக்கணக்கான முந்திரிகை இனங்கள் பயிராகின்றன. அவற்றுள் வடமேற்கே பியெமொந்தே மாநிலத்தின் நெப்பியோலோ, நடுநாட்டில் தொஸ்கானா மாநிலத்தின் சஞ்சியோவேசே, தெற்கே கம்பானியா, பசிலிக்காத்தா மாநிலங்களின் அலியானிக்கோ ஆகிய மூன்றும் நெடுங்காலம் வைத்துப் பேணத்தக்க செந்நிற வைன்களைத் தருவன.

கிரேக்கர் தென் இத்தாலியிற் குடியேறிய காலத்தில் அந்நிலப்பகுதியை ஒயினோத்திரியா என அழைத்தனர்; முந்திரிகைக் கொடி செழிக்கும் நாடு என்பது அதன் பொருள் என்பர். அவர்கள் காலத்திலேயே, இன்றைய தொஸ்கானாவில் வாழ்ந்த எத்துருஸ்கர் என்னும் மக்கள் கொடிகளை மரங்களின்மீது படரவிட்டு வளர்த்தனர். கி. மு. 7ஆம், 6ஆம் நூற்றாண்டுகளில் அவர்கள் தம் வைனைச் சாடிகளில் அடைத்துக் கடல் வழியே தென் பிரான்சுக்கு அனுப்பினர். அவர்களுக்குப் பின் வந்த உரோமர் இத்தொழிலை நூல்வழிப்பட்ட கலையாக ஆக்கினர். கி. மு. 2ஆம் நூற்றாண்டில் கேற்றோவும், கி. பி. முதலாம் நூற்றாண்டில் கொலுமெல்லாவும் எழுதிய வேளாண் நூல்களில் கொடி நடுதல், கவாத்துச் செய்தல், பழம் பறித்தல், சாடியிற் காத்தல் ஆகியவை விரிவாகக் கூறப்பட்டுள்ளன.

உரோமர் காலத்தில் மிகப் புகழ் பெற்றது பலேர்னியம் என்னும் வைன். லாத்தியமும் கம்பானியாவும் சந்திக்கும் எல்லையில், மசிக்கோ மலைச்சரிவுகளில் அது விளைந்தது. அது பெரும்பாலும் பொன்னிறமாய் இருந்து, நாட்பட நிறம் முதிர்ந்ததாயினும், இத்தாலியச் செந்நிற வைன்களின் வரலாற்றில் அதற்கோர் இடமுண்டு. ஊர்ப்பெயரும் விளைந்த ஆண்டும் விலையைத் தீர்மானிக்கும் வழக்கம் அத்தகைய வைன்களிலேயே வேரூன்றியது. உரோமர் ஆண்டினை எண்ணாற் குறியாது, அவ்வாண்டின் கொன்சல் என்னும் தலைமை அதிகாரிகளின் பெயராற் குறித்தனர். அப்பெயர்கள் சாடிகளின்மீது எழுதப்பட்டன. ஒப்பீமியஸ் என்பவர் கொன்சலாய் இருந்த கி. மு. 121ஆம் ஆண்டின் விளைச்சல் மிகச் சிறந்ததெனப் போற்றப்பட்டது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் அவ்வாண்டின் வைன் தேன்போல் இறுகிய நிலையில் எஞ்சியிருந்தது எனப் பிளினி என்னும் அறிஞர் எழுதியுள்ளார்.

அதே பிளினி இன்னொரு செய்தியையும் பதிந்துள்ளார். தம் காலத்தில் பிரபுக்களுக்குங்கூடக் கலப்படமற்ற வைன் கிடைப்பதில்லை என்றும், சாறு தொட்டியில் விழுந்தவுடனேயே கலப்படம் தொடங்குகின்றது என்றும், வணிகர் விற்பது வெறும் பெயர்களையே என்றும் அவர் கடிந்து எழுதினார். கி. பி. 79ஆம் ஆண்டில் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது உயிர்நீத்த அவ்வறிஞரின் குறை, பின்வந்த பத்தொன்பது நூற்றாண்டுகளிலும் திரும்பத் திரும்ப ஒலித்த ஒரு குறையாயிற்று.

உரோமருடைய வைன் தமிழகத்துக்கும் வந்தது. கி. பி. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்திரியக் கடற் பயண நூல், குசராத்திலுள்ள பரூச் துறைமுகத்துக்கு வந்த வைன்களுள் இத்தாலிய வைனே முதன்மையாக விரும்பப்பட்டதெனக் கூறுகின்றது. சேரநாட்டு முசிறித் துறைக்கும் சிறிதளவு வைன் சென்றதென அந்நூல் குறிக்கின்றது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டில் வீலர் நடத்திய அகழ்வாய்விலும் பின்னர் நடந்த ஆய்வுகளிலும் மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. அவற்றுட் சில ஈஜியன் கடலிலுள்ள கோஸ் தீவைச் சேர்ந்தவை. சில இத்தாலியின் கம்பானியாவைச் சேர்ந்தவை. பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்திய புறநானூற்றுப் பாடலிலும் யவனர் கொணர்ந்த குளிர்ந்த மணமுள்ள தேறல் பேசப்படுகின்றது. தொலைவில் உள்ளோர் நம்பி வாங்கிய பண்டமாக இது ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இருந்தது என்பதற்கு இவை சான்றாகும்.

உரோமப் பேரரசு வீழ்ந்தபின் நெடுந்தொலை வாணிபம் தளர்ந்தது. ஆயினும், திருப்பலிப் பூசைக்கு வைன் இன்றியமையாதது ஆகையால், துறவி மடங்களும் ஆயர்களும் கொடிகளைக் கைவிடவில்லை. நகரங்கள் மீண்டும் தழைத்தபோது வைன் வாணிபமும் தழைத்தது. புளோரன்ஸ் நகரில் 13ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் வைன் விற்போருக்கெனத் தனிச் சங்கம் அமைந்துவிட்டது. அந்தினோரி குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 1385ஆம் ஆண்டில் அச்சங்கத்திற் சேர்ந்தார். அக்குடும்பத்தினர் இன்றும் அத்தொழிலையே நடத்துகின்றனர்.

புளோரன்சுக்கும் சியேனாவுக்கும் இடைப்பட்ட குன்றுநாடே கியாந்தி. இரு நகரங்களும் நெடுங்காலம் அதன் பொருட்டுப் போரிட்டன. ராத்தா, கயோலே, காஸ்தெல்லினா ஆகிய மூன்று ஊர்களும் புளோரன்சின் ஆட்சியின் கீழ்க் கியாந்திக் கூட்டணியாய் இணைந்தன. கருஞ்சேவல் அதன் சின்னமாய் விளங்கியது. கியாந்தி என்னும் பெயர் வைனுக்கு வழங்கியதைக் காட்டும் மிகப் பழைய பத்திரங்களுள் ஒன்று 1398ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதிற் குறிக்கப்பட்டது வெள்ளை வைன் என்பது வியப்புக்குரியது. பிற்காலத்திலேயே அப்பெயர் செந்நிற வைனுக்கு உரியதாயிற்று.

புகழ் வளர வளரப் போலியும் வளர்ந்தது. பிற இடங்களில் விளைந்த வைன் நல்ல ஊர்ப்பெயர்களோடு வெளிநாடுகளுக்கு ஏற்றப்பட்டது. இதனைத் தடுக்கக் கருதிய தொஸ்கானாவின் பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோ தெ மெதிச்சி, 1716ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் ஒரு கட்டளை பிறப்பித்தார். கியாந்தி, பொமினோ, கார்மிஞ்ஞானோ, மேல் ஆர்னோப் பள்ளத்தாக்கு ஆகிய நான்கு நிலப்பகுதிகளின் எல்லைகள் அதில் வரையறுக்கப்பட்டன. அவ்வெல்லைக்குப் புறத்தே விளைந்த வைனை அப்பெயர்களால் விற்றல் குற்றமாயிற்று. வைன் விளையும் நிலத்தின் எல்லையைச் சட்டத்தால் வகுத்த மிகப் பழைய முயற்சிகளுள் இஃது ஒன்று. ஒரு பெயர் ஒரு நிலத்துக்கே உரியது என்னும் கொள்கை இக்கட்டளையாற் சட்டமாயிற்று.

நிலத்தை வரையறுத்தல் ஒன்று. அந்நிலத்தின் பழத்திலிருந்து சிறந்த வைனை ஆக்கக் கற்றல் மற்றொன்று. பியெமொந்தேயின் லாங்கே குன்றுகளில் நெப்பியோலோ பயிரிடப்பட்ட செய்தி 13ஆம் நூற்றாண்டு தொட்டே அம்மாநிலத்துப் பத்திரங்களிற் காணப்படும் செய்திகளோடு ஒத்தது. நெபியா என்றால் இத்தாலிய மொழியில் மூடுபனி. அப்பழம் பறிக்கப்படும் ஒக்டோபர் மாதத்தில் பள்ளத்தாக்குகளைப் பனி மூடுவதால் இப்பெயர் வந்ததென்பர். காலந்தாழ்த்திப் பழுக்கும் இப்பழத்தின் சாறு நொதித்து முடிவதற்குள் குளிர்காலம் வந்துவிடும். குளிரில் மதுவம் செயலற்றுப்போகச் சீனிச் சத்து எஞ்சிவிடும். ஆகவே, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை அங்கு ஆக்கப்பட்ட வைன் பெரும்பாலும் இனிப்புள்ளதாயும் நிலையற்றதாயும் இருந்தது. இளவேனிலில் மீண்டும் நொதித்து நுரைப்பதும் உண்டு.

இதனை மாற்றியோர் சிலர். பரோலோ ஊரின் சீமாட்டி கியூலியா பல்லெத்தி பிரான்சிற் பிறந்தவர்; தூரின் நகரச் சிறைகளில் வாடிய பெண்களின் நிலையைத் திருத்தப் பாடுபட்டவர். அவரும், பின்னாளில் ஒன்றுபட்ட இத்தாலியின் முதற் பிரதம மந்திரியாகிய கமில்லோ கவூரும் தத்தம் நிலங்களில் வைன் ஆக்கும் முறையைச் சீர்ப்படுத்த விரும்பினர். கவூர் தம் இளமையில் அயலிலுள்ள கிரின்சானே ஊரின் தலைவராய் இருந்தார். லூயி ஊதார் என்னும் பிரெஞ்சுக்காரரே புதிய முறையைப் புகுத்தியவர் என நெடுங்காலம் கூறப்பட்டது. 1835ஆம் ஆண்டில் வைன் ஆக்கும் முறைபற்றி நூல் வெளியிட்ட பவுலோ பிரான்செஸ்கோ ஸ்தாலியேனோ என்னும் படைத்துறை அதிகாரிக்கே அப்பெருமை சேரும் என அண்மைக்கால ஆய்வாளர் சிலர் கொள்கின்றனர். யார் தொடங்கியிருப்பினும் பயன் ஒன்றே. தொட்டிகளைத் தூய்மையாக வைத்து, நொதித்தலை இறுதிவரை நடத்தியபோது, இனிப்பற்ற, வலிய, நெடுங்காலம் நிற்கும் பரோலோ பிறந்தது. பியெமொந்தேயை ஆண்ட சவோய் அரச குடும்பத்தார் அதனை விரும்பியமையால், அரசர்களின் வைன் என்னும் புகழும் அதற்கு உண்டாயிற்று.

தொஸ்கானாவில் இத்தகைய பணியைச் செய்தவர் பெத்தினோ ரிக்காசோலி. இரும்புப் பிரபு எனப் பெயர் பெற்ற இவர், கவூர் 1861ஆம் ஆண்டில் இறந்தபின் இத்தாலியின் பிரதம மந்திரியானவர். கியாந்தியிலுள்ள புரோலியோக் கோட்டை இவர் குடும்பத்தின் இருப்பிடம். பல ஆண்டுகள் பல இனப் பழங்களைச் சோதித்த பின்னர், 1872ஆம் ஆண்டில் பீசா நகரப் பேராசிரியர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் தம் முடிவுகளைத் தெரிவித்தார். வைனுக்கு மணத்தையும் வலிமையையும் சஞ்சியோவேசே தருகின்றது. அதன் கடுமையைக் கனாயோலோ என்னும் பழம் தணிக்கின்றது. மல்வாசியா என்னும் வெண்ணிறப் பழம் வைனை மெலிதாக்கி அன்றாட உணவுக்கு ஏற்றதாக்குகின்றது. ஆயின், நெடுங்காலம் வைத்திருக்கக் கருதிய வைனில் மல்வாசியாவைச் சேர்த்தல் ஆகாது என்பது அவர் கருத்து. இக்கடைசி எச்சரிக்கையைப் பின்வந்தோர் மறந்தனர். அம்மறதியின் விலை என்னவென்பது ஏறத்தாழ நூறு ஆண்டுகளின் பின் தெரிந்தது.

சியேனாவுக்குத் தெற்கே மொந்தால்சினோ என்னும் மலையூரில் வேறொரு குடும்பம் வேறொரு வழியிற் சென்றது. கிளெமெந்தே சாந்தி என்பவரும், அவருடைய பேரன் பெருச்சியோ பியொந்தி சாந்தியும், சஞ்சியோவேசேயின் சிறந்த கொடிகளைத் தெரிந்தெடுத்து, வேறெந்தப் பழமும் கலவாது வைன் ஆக்கிப் பல ஆண்டுகள் பீப்பாவிற் காத்தனர். பெருச்சியோ இளமையில் கரிபால்தியின் படையிற் பொருதவர். புருனெல்லோ தி மொந்தால்சினோ என்னும் இவ்வைனின் புகழ் 1888ஆம் ஆண்டின் விளைச்சலோடு தொடங்குகின்றது. இரண்டாம் உலகப்போர் அவ்வூரை நெருங்கியபோது, பழைய போத்தல்களைச் சுவருக்குப் பின்னே மறைத்துக் காத்ததாக அக்குடும்பத்தார் கூறுவர்.

வடகிழக்கே வெரோனா நகரை அடுத்த வல்பொலிச்செல்லாவில் மற்றுமொரு தொன்மையான முறை நிலவுகின்றது. பறித்த பழக்குலைகளைக் காற்றோட்டமுள்ள மாடங்களில் பரப்பி மூன்று, நான்கு மாதங்கள் வாடவிடுவர். நீர் வற்ற, இனிப்பும் மணமும் செறியும். ஆறாம் நூற்றாண்டில் ஒஸ்திரகொத்திய அரசனின் அமைச்சராயிருந்த கசியோதோருஸ், வெரோனா நாட்டின் இத்தகைய உலர்பழ வைனைப் புகழ்ந்து கடிதம் எழுதியுள்ளார். அப்பழச் சாற்றை இனிப்போடு நிறுத்தினால் ரெச்சியோத்தோ. இனிப்பு முற்றும் நொதிக்க விட்டால் அமரோனே. அமாரோ என்றால் கசப்பு. இனிப்பு வைனையே எதிர்பார்த்த காலத்தில் குறையாகக் கருதப்பட்ட இது, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் தனிப்பெயரோடு விற்பனைக்கு வந்து உலகப் புகழ் பெற்றது.

இவ்வாறு சில ஊர்கள் சிறப்பெய்தினும், நாட்டின் பெரும்பகுதியில் நிலைமை வேறாய் இருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த பைலொக்செரா என்னும் சிறு பூச்சி கொடிகளின் வேரை அழித்தது. பிரான்சைப் பாழாக்கிய அப்பூச்சி 1879ஆம் ஆண்டில் இத்தாலியிற் கண்டறியப்பட்டது. அப்பூச்சியைத் தாங்கவல்ல அமெரிக்க வேர்க்கொடியில் உள்நாட்டுக் கொடியை ஒட்டுக்கட்டுதலே அதற்குக் கண்ட மருந்து. தோட்டங்களைப் புதிதாக நட்டபோது பலர் குணத்தை நோக்காது விளைச்சலின் மிகுதியையே நோக்கினர். மேலும், தொஸ்கானாவில் உழவர் பெரும்பாலும் பாதிவாரத்துக்கே நிலத்தைச் செய்தனர். ஒரே நிலத்தில் கோதுமையும் ஒலிவமும் முந்திரிகையும் கலந்து வளர்ந்தன. விளைச்சலிற் பாதியை நிலக்கிழாருக்குக் கொடுத்து மீதியால் குடும்பத்தைக் காத்த உழவன், பழத்தைக் குறைத்துக் குணத்தைக் கூட்டுவது எங்ஙனம்? 1964ஆம் ஆண்டுச் சட்டம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடைசெய்த பின்னரே அம்முறை படிப்படியாக மறைந்தது.

பெயரைக் காப்பதிலும் தளர்ச்சி உண்டாயிற்று. 1924ஆம் ஆண்டில் கியாந்தியின் வைன் ஆக்குவோர் 33 பேர் ராத்தாவிற் கூடிப் பழைய கருஞ்சேவலைச் சின்னமாகக் கொண்டு ஒரு காப்புச் சங்கம் அமைத்தனர். ஆயின், 1932ஆம் ஆண்டில் அரசாங்கம் கியாந்தி என்னும் பெயரைத் தொஸ்கானாவின் மிகப் பரந்த நிலப்பகுதிக்கு விரித்தது. ஆதிநிலத்துக்குக் கியாந்தி கிளாசிக்கோ என்னும் பெயர் எஞ்சியது. வைக்கோல் போன்ற புல்லால் பின்னிய கூடையிற் பொதிந்த குண்டுப் போத்தல் உலகெங்கும் கியாந்தியின் அடையாளமாயிற்று. பல வீடுகளில் உள்ளிருந்த வைனினும் அப்போத்தலே நெடுநாள் பேணப்பட்டது.

இதே காலத்தில் சிறு உழவரின் உறுதியால் நிலைபெற்ற பெயரும் உண்டு. பரோலோவுக்கு அயலூராகிய பர்பரெஸ்கோவில் விளைந்த நெப்பியோலோ முன்பு தனிப்பெயரின்றி விற்கப்பட்டது. அல்பா நகர வைன்தொழிற் பாடசாலையின் தலைவராய் இருந்த தொமீசியோ கவாச்சா, 1894ஆம் ஆண்டில் அவ்வூர் உழவரைக் கூட்டுறவாக இணைத்துப் பர்பரெஸ்கோ என்னும் பெயரோடு வைன் ஆக்கினார். பாசிச ஆட்சிக் காலத்தில் அக்கூட்டுறவு மூடப்பட்டது. 1958ஆம் ஆண்டில் அவ்வூர்ப் பங்குக் குருவானவர் சிறு உழவர் 19 பேரைத் திரட்டி அதனை மீண்டும் தொடக்கினார். முதல் விளைச்சல்கள் கோவிலின் நிலவறையிலேயே ஆக்கப்பட்டன. உழவர் தம் பிழைப்புக்காக ஊரைவிட்டு நகரத் தொழிற்சாலைகளை நாடிய காலம் அது. அவ்வூரின் பெயர் காக்கப்பட்டமையால் அவ்வூர் மக்களின் வாழ்வும் காக்கப்பட்டது.

1963ஆம் ஆண்டில் இத்தாலிய அரசாங்கம் வைன் பெயர்களுக்கென விரிவானதொரு சட்டத்தை இயற்றியது. ஒவ்வொரு பெயருக்கும் நிலவெல்லை, பழ இனம், ஏக்கருக்குரிய விளைச்சலின் உச்ச அளவு, காத்துவைக்கும் காலம் ஆகியவை குறிக்கப்பட்டன. நோக்கம் நன்று, ஆனால் விதிகள் சில வழக்கிலிருந்த குறைகளையே நிலைநிறுத்தின. 1967ஆம் ஆண்டின் கியாந்தி விதி, செந்நிற வைனில் நூற்றுக்குப் பத்துப் பங்கேனும் வெண்ணிறப் பழம் சேரவேண்டுமென்றது. ரிக்காசோலி அன்றாட வைனுக்குக் கூறிய கலவை, உயர்ந்த வைனுக்கும் சட்டமாயிற்று. நல்ல கியாந்தி ஆக்க விரும்பியவன் சட்டத்தை மீறவேண்டியவனானான்.

சிலர் பெயரையே துறந்தனர். கடலோரப் போல்கெரி ஊரில் மாரியோ இன்சீசா தெல்லா ரொக்கெத்தா என்னும் பிரபு, பிரான்சின் கபெர்னே இனக் கொடிகளை 1940ஆம் ஆண்டுகளில் நட்டுத் தம் குடும்பத்துக்கென வைன் ஆக்கிவந்தார். அதன் 1968ஆம் ஆண்டு விளைச்சல் சசிக்காயா என்னும் பெயரோடு விற்பனைக்கு வந்தது. 1978ஆம் ஆண்டில் இலண்டனில் நடந்த சுவைத் தேர்வொன்றில் உலகின் பல கபெர்னே வைன்களை அது வென்றது. கியாந்திக்குள்ளேயே பியேரோ அந்தினோரி, தியாக்கோமோ தாக்கிஸ் என்னும் வல்லுநரின் துணையோடு, தீஞ்ஞானெல்லோ என்னும் வைனை 1971ஆம் ஆண்டு விளைச்சல் முதல் கியாந்திப் பெயரின்றி வெளியிட்டார். சில ஆண்டுகளில் வெண்ணிறப் பழத்தை அதிலிருந்து முற்றாக நீக்கினார். சட்டத்தின் கண்ணில் இவை மிகத் தாழ்ந்த வகையாகிய மேசை வைன்கள். விலையிலோ, சட்டம் உயர்த்திய வைன்களை இவை விஞ்சின. பெயர் ஒரு புறமும் பொருள் மறு புறமுமாய் நின்ற விந்தை அது. பின்னர் சட்டமே இறங்கிவந்தது. சசிக்காயாவுக்கு 1994ஆம் ஆண்டில் சட்டப்பூர்வமான இடம் கிடைத்தது. கியாந்தி கிளாசிக்கோவில் 2006ஆம் ஆண்டின் விளைச்சல் முதல் வெண்ணிறப் பழம் விலக்கப்பட்டது.

இவற்றினும் பெருங்கேடு 1986ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நேர்ந்தது. மலிவான வைனின் மதுசார அளவைக் கூட்டிக்காட்டுதற்கு மெதனோல் என்னும் நச்சுப் பொருளைச் சிலர் கலந்தனர். அதனைக் குடித்தோருள் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். வேறு சிலர் கண்பார்வையை இழந்தனர். இறந்தோர் பெருஞ்செல்வர் அல்லர். உணவோடு மலிவு வைன் வாங்கிய எளிய மக்கள். பிளினி கடிந்த பழைய குற்றம் இப்போது உயிர்க்கொலையாய் முடிந்தது. குற்றமற்ற ஊர்களின் வைனும் பிற நாட்டு எல்லைகளில் தடுக்கப்பட்டது, ஏற்றுமதி வீழ்ந்தது. ஒருவன் செய்த பொய் அனைவரின் பெயரையும் கெடுக்கும் என்பதை நாடு முழுவதும் அப்பொழுது உணர்ந்தது.

அதன்பின் சோதனைகள் கடுமையாயின. 1992ஆம் ஆண்டில் வைன் சட்டம் திருத்தி எழுதப்பட்டது. உறுதியளிக்கப்பட்ட பெயர் என்னும் மிக உயர்ந்த வகுப்பு, 1980ஆம் ஆண்டில் பரோலோ, பர்பரெஸ்கோ, புருனெல்லோ, மொந்தெபுல்சியானோவின் வீனோ நோபிலே ஆகியவற்றோடு தொடங்கியது; இன்று அவ்வகுப்பில் எழுபதுக்கு மேற்பட்ட வைன்கள் உள்ளன. அவை ஆய்வுகூடத்திற் பகுத்தறியப்பட்டும் தேர்ந்தோராற் சுவைக்கப்பட்டும் தேறிய பின்னரே விற்பனைக்கு விடப்படும். ஒவ்வொரு போத்தலின் கழுத்திலும் எண்ணிட்ட அரசாங்கச் சீட்டு ஒட்டப்படும். பரோலோ 38 மாதங்கள் காக்கப்படவேண்டும். அவற்றுள் 18 மாதங்கள் மரப்பீப்பாவில். புருனெல்லோ, பழம் பறித்த ஆண்டுக்குப் பின்வரும் ஐந்தாம் ஆண்டின் தைமாதத் தொடக்கத்தில், அதாவது ஜனவரி முதலாந் தேதியன்றே, விற்பனைக்கு வரலாம்.

சட்டம் எத்துணைக் கடுமையாயினும், அதனைக் காப்போர் மனம் ஒப்பாவிடின் பயனில்லை. 2008ஆம் ஆண்டில் மொந்தால்சினோவில் சிலர் சஞ்சியோவேசேயோடு பிற பழங்களைக் கலந்தனர் என்னும் குற்றச்சாட்டு எழுந்து விசாரணை நடந்தது. விதியைத் தளர்த்திப் பிற பழத்தை அனுமதித்தால் சிக்கல் தீரும் எனச் சிலர் வாதிட்டனர். அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் அவ்வூர் வைன் ஆக்குவோர் வாக்களித்தபோது, மிகப் பெரும்பான்மையோர் பழைய விதியே நிலைக்கவேண்டும் எனத் தீர்மானித்தனர். எளிய வழி முன்னிருக்க, தம் கைகளைத் தாமே கட்டிக்கொள்ள அவர்கள் இசைந்தமை குறிப்பிடத்தக்கது.

2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் லாங்கே, ரொயேரோ, மொன்பெராத்தோக் குன்றுகளின் முந்திரிகைத் தோட்டங்களை உலக மரபுரிமையாக ஏற்றது. அங்கே மரபுரிமை எனப் போற்றப்பட்டவை குன்றும் கொடியும் மாத்திரமல்ல. அவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பேணிய மனித உழைப்பும் அதனுள் அடங்கும். வைன் அருந்தாதோருக்கும் அருந்த விரும்பாதோருக்கும் இவ்வரலாறு பயனுடையதே. தேயிலையாயினும் கறுவாவாயினும், ஒரு நிலத்தின் பெயரைத் தாங்கித் தொலைதேயம் செல்லும் பண்டம் எதுவும் இச்சோதனைக்கு உட்பட்டதே. அப்பெயரை ஒரு நாளில் விற்றுவிடலாம். விற்றதை மீட்கப் பல தலைமுறைகள் செல்லும். சாடியில் கொன்சலின் பெயரை எழுதிய உரோமன் முதல், எண்ணிட்ட சீட்டை ஒட்டும் இன்றைய உழவன் வரை, இத்தாலியர் பெருவிலை கொடுத்துக் கற்ற பாடம் இதுவே.